லைன் சரியில்லை என்று சொல்வதற்கு முன்

மாணவர்களே, உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை "லைன் சரியில்லை" என்ற பேச்சு எழுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

அண்மையில் ஸ்கூடாயில் ஓர் ஒட்டுக்கடையில் தே தாரேக்குக்காகக் காத்திருந்தபோது பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழுந்தது. நான்கு பேர். நால்வருக்கும் இணையத்தின்மேல் கோபம். "மழை வந்தா எங்க தோட்டத்துல லைன் செத்துப்போயிடும்" என்றார் ஒருவர். "நூறு எம்பிபிஎஸ்னு சொல்லிக் காசு வாங்குறான், பதிவிறக்கம் செஞ்சா பன்னிரண்டுதான் காட்டுது. பகல் கொள்ளை!" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் ஸ்துலாங் கடலோரத்தில் குடியிருக்கிறார். சும்மா வாசலில் நின்றாலே அவர் கைப்பேசி சிங்கப்பூருக்குள் நுழைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு நல்வரவுக் குறுஞ்செய்தி காட்டுகிறதாம். நான்காமவருக்குத் தாமானில் புதிதாக எழும் தொலைத்தொடர்புக் கோபுரத்தைப் பார்த்தாலே பயம்; புற்றுநோய் வரும் என்று புலனத்தில் படித்தாராம்.

இந்த நால்வரில் ஒருவர் சொன்னது முழுக்கச் சரி. ஒருவருடைய கணக்குத் தவறு. ஒருவர் சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஆனால் அவர் வீட்டுக்குப் பொருந்தும். ஒருவருடைய அச்சத்துக்கு அறிவியலில் பலமான ஆதாரம் இல்லை. யார் யார் என்று இப்போதே ஊகித்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இதை வெறும் கடைப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பறை இயங்கலைக்கு மாறியது. அடுத்த மாதம் கல்வி அமைச்சு வெளியிட்ட ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியுமே இல்லை என்று தெரிந்தது. கருவி இருந்தவர்களுக்கும் சிக்னல் கிடைத்ததா? சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தின்மேல் ஏறி இரவைக் கழித்த காணொளியை நாடே பார்த்தது. இப்போது நீங்கள் இடைநிலைப்பள்ளியில் இருக்கிறீர்கள் என்றால், அந்த நாள்களில் தமிழ்ப்பள்ளிச் சிறுவராக, அப்பாவின் ஒரே கைப்பேசிக்கு அண்ணன் அக்காவோடு போட்டி போட்டிருப்பீர்கள்.

ஆகவே "லைன்" என்ற அந்த ஒரு சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அதற்குள் குறைந்தது மூன்று பயணங்கள் ஒளிந்திருக்கின்றன. உங்கள் கைப்பேசியிலிருந்து வீட்டு ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து தெரு வழியாக நிறுவனத்தின் நிலையம் வரை இன்னொன்று. அங்கிருந்து கடல் கடந்து போவது மூன்றாவது. எது பழுதானாலும் நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டம்.

முதலில் கணக்கைத் தீர்த்துவிடுவோம். இரண்டாமவரை யாரும் ஏமாற்றவில்லை. இணைய நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன. கணினியோ கோப்பின் அளவைப் பைட்டில் காட்டுகிறது. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். நூறை எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. அதாவது விநாடிக்கு 100 மெகாபிட் என்பதும் 12.5 மெகாபைட் என்பதும் ஒன்றே. 600 மெகாபைட் காணொளி ஒன்றை இறக்க அவருக்கு 48 விநாடி ஆக வேண்டும். பன்னிரண்டு காட்டுகிறது என்றால் அவர் கொடுத்த பணத்துக்குச் சரியாகவே கிடைக்கிறது. பெரிய எண்ணாகத் தெரியட்டும் என்று நிறுவனங்கள் பிட்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பது என் சந்தேகம். ஆனாலும் தொலைத்தொடர்பில் வேகத்தைப் பிட்டில் சொல்வது இணையம் பிறப்பதற்கு முன்பிருந்தே உள்ள வழக்கம்.

கள்ளன் வீட்டுக்குள்

இன்னொரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மாடி அறையில் மகளுக்கு வகுப்புக் காணொளி தடுமாறுகிறது. அப்பா நிறுவனத்தை அழைத்து 100 மெகாபிட்டை 300 ஆக உயர்த்துகிறார். மாதக் கட்டணம் கூடுகிறது. மாடி அறையில் ஒரு மாற்றமும் இல்லை. ஏன்?

கண்ணாடி இழை வீட்டின் முன்கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வந்து முடிகிறது. ரவுட்டரும் அங்கேயே கிடக்கிறது. பல வீடுகளில் தொலைக்காட்சி அலமாரிக்கு உள்ளே, மீன்தொட்டிக்குப் பின்னால். அங்கிருந்து மாடிக்குப் போவது வானொலி அலை. வைஃபை பயன்படுத்தும் அலைவெண்களில் முக்கியமானவை இரண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 சென்டிமீட்டர். முன்னது சுவரை ஓரளவு ஊடுருவும், ஆனால் வேகம் குறைவு. பின்னது வேகமானது, ஆனால் ஒரு செங்கல் சுவரிலேயே களைத்துவிடும். கம்பி கட்டிய சிமெண்டுத் தளம் இரண்டுக்குமே எதிரி. தண்ணீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும். மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையால்தான். அப்படியென்றால் மீன்தொட்டிக்குப் பின்னால் ரவுட்டரை வைப்பது எத்தகைய செயல் என்று நீங்களே சொல்லுங்கள்.

தாமானில் வரிசை வீடுகள். உங்கள் வீட்டு ரவுட்டருக்கு இருபுறமும், எதிரிலும், பின்னாலும் ரவுட்டர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. பத்து வீட்டுக்காரர்கள் மூன்று ஒற்றையடிப் பாதையில் ஒரே நேரத்தில் நடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்கு எல்லாரும் படம் பார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும்? காலை ஆறு மணிக்கு அதே பாதை காலியாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு மடிக்கணினியை ரவுட்டரோடு கம்பியால் இணைத்து வேகச் சோதனை செய்யுங்கள். பிறகு அதே கணினியை மாடிக்குக் கொண்டுபோய் வைஃபையில் சோதியுங்கள். கம்பியில் 95, மாடியில் 11 என்று வந்தால், பணம் கட்டிய வேகம் வாசல் வரை வந்துவிட்டது. குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறான். ரவுட்டரை அலமாரியிலிருந்து எடுத்து உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள். முடிந்தால் மாடிக்கு ஒரு கம்பி இழுங்கள். கம்பிக்கு ஆகும் செலவு ஒருமுறைதான். வேகத்தை உயர்த்தினால் கட்டணம் ஒவ்வொரு மாதமும் கூடும். கம்பியிலேயே 20தான் வருகிறது என்றால் கதை வேறு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

மழையும் லைனும்

நம் ஊர் மழையை அறியாதவரா நீங்கள்? வானம் கறுத்தவுடன் ஆஸ்ட்ரோவில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு மறைந்துவிடும். நல்ல காட்சியில்தான் அது நடக்கும் என்பது என் பாட்டியின் புகார். அதிலிருந்து பிறந்ததுதான் "மழை வந்தால் லைன் போகும்" என்ற நம்பிக்கை. ஆஸ்ட்ரோவுக்கு அது முழு உண்மை. செயற்கைக்கோளிலிருந்து வரும் அந்த அலையின் அலைவெண் ஏறக்குறைய 12 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் அவ்வளவு குட்டையான அலையை உறிஞ்சிச் சிதறடிக்கும். பொதுவாக 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் மழை ஒரு பெரிய தடை.

கைப்பேசி அலைகள் அதற்குக் கீழே இருக்கின்றன. 4ஜி, 5ஜி இரண்டும் நம் நாட்டில் பெரும்பாலும் 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3.5 கிகாஹெர்ட்ஸ் வரைக்குள் இயங்குகின்றன. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர். அதன் கண்ணுக்கு மழைத்துளி தூசு மாதிரி. கண்ணாடி இழைக்கோ மழை ஒரு பொருட்டே இல்லை. 'பந்துலான் டாலாம் பெனோ' என்று படிவம் நான்கு இயற்பியலில் நீங்கள் படிக்கும் முழு அக எதிரொளிப்பினால் ஒளி இழைக்குள்ளேயே ஓடுகிறது. வெளியே மழை பெய்தால் அதற்கு என்ன?

அப்படியானால் முதலாமவர் சொன்னது பொய்யா? அவசரப்படாதீர்கள். அவர் குளுவாங் பக்கத் தோட்டத்துக்காரர். அவர் வீட்டைச் சுற்றிச் செம்பனை. கோபுரம் தொலைவில், மேட்டுக்கு அப்பால். கோபுரத்துச் சிக்னல் செம்பனை ஓலைகளைத் துளைத்துக்கொண்டுதான் அவர் கைப்பேசிக்கு வர வேண்டும். ஓலையிலுள்ள ஈரம் அலையை உறிஞ்சும். மழையில் நனைந்த ஓலை காய்ந்த ஓலையைவிட அதிகமாக உறிஞ்சும். ஏற்கெனவே நூலிழையில் தொங்கிக்கொண்டிருக்கும் சிக்னல் அதில் அறுந்துவிடும். போதாததற்கு, கண்ணாடி இழை போய்ச் சேராத இடங்களில் ஒரு கோபுரம் இன்னொரு கோபுரத்தோடு உயர் அலைவெண் நுண்ணலைகளால் பேசிக்கொள்ளும். பலத்த மழை அந்தப் பேச்சைக் கெடுக்கும். இடி இடித்து மின்சாரம் போனால் கோபுரமும் சற்று நேரத்தில் மின்கலத்தை நம்பி நிற்கும். ஆக, அவர் கண்டது சரி. தாமானில் இழை இணைப்பு உள்ள ஒருவர் அதே வாசகத்தைச் சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பெற்றோரிடம் கேட்டால் இன்னொரு மழைக்கதை சொல்வார்கள். 2001 முதல் பல ஆண்டுகள் வீடுகளுக்கு வந்த ஸ்ட்ரீமிக்ஸ் சேவை, தொலைபேசியின் செப்புக் கம்பி வழியே வந்தது. பழைய கம்பி இணைப்புகளில் தண்ணீர் புகுந்தால் இரைச்சல் கூடும், வேகம் சரியும். மின்னல் அடித்தால் கம்பி வழியே மின்னழுத்தம் பாய்ந்து மோடத்தைக் கருக்கிவிடும். அதனால்தான் இடி இடித்தவுடன் "பிளக்கைப் பிடுங்கு!" என்று அம்மா கத்தினார். 2010 மார்ச்சில் யூனிஃபை வழியே கண்ணாடி இழை வீடுகளை எட்டத் தொடங்கியது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ரவுட்டரின் மின்செருகி இன்னும் சுவரில்தான் இருக்கிறது. எனவே அம்மா சொல்வதை இன்றும் கேளுங்கள்.

மெர்சிங் கடலுக்கு அடியில்

"இண்டர்நெட் எல்லாம் சாட்டிலைட்ல வருது" என்று சொல்பவர்களையும் நான் நிறைய பார்த்திருக்கிறேன். தொடக்கத்தில் இது உண்மையாகவே இருந்தது. மீமோஸ் நிறுவனத்தின் ஜாரிங் சேவை 1992இல் அமெரிக்காவோடு செயற்கைக்கோள் வழியாகத்தான் இணைந்தது. வேகம் விநாடிக்கு 64 கிலோபிட். ஒரே ஒரு தொலைபேசி உரையாடலுக்கு ஒதுக்கும் அளவு அது. அதை நாட்டின் ஆய்வாளர்களும் பல்கலைக்கழகங்களும் பங்குபோட்டுக்கொண்டார்கள்!

இன்று நாடுகளுக்கிடையே ஓடும் தரவின் மிகப் பெரும்பகுதி கடலடிக் கம்பிவடங்களில் போகிறது. ஜொகூரில் அவை கரையேறும் ஊர் எது தெரியுமா? தியோமான் தீவுக்குப் படகு ஏறுவோமே, அந்த மெர்சிங்தான். தென்கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பா வரை சுமார் 39,000 கி.மீ நீண்ட சீ-மீ-வீ 3 என்ற கம்பிவடத்துக்கு மலேசியாவில் இருந்த கரையேறும் இடங்கள் பினாங்கும் மெர்சிங்கும். தீபகற்பத்தைச் சபா, சரவாக்கோடு சேர்க்கும் மக்கள் கம்பிவடமும் மெர்சிங்கைத் தொடுகிறது. படகுத்துறையில் பாரு மீன் பொரியலைச் சாப்பிட்டுக்கொண்டு அலையைப் பார்க்கும் பயணிகளில் எத்தனை பேருக்கு, அந்த மணலுக்கு அடியில் முடியளவு மெல்லிய கண்ணாடியில் கண்டங்களின் பேச்சு ஓடுகிறது என்று தெரியும்?

அந்தக் கம்பிவடங்கள் அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2006 டிசம்பர் 26ஆம் நாள் தைவானின் தென்கோடிக் கடலில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலடிச் சரிவுகள் பல கம்பிவடங்களை ஒரே நேரத்தில் அறுத்தன. கிழக்காசியா, தென்கிழக்காசியா முழுவதும் இணையம் தவழ்ந்தது. பழுதுபார்க்கும் கப்பல்கள் வேலையை முடிக்கப் பல வாரம் ஆனது. அன்று மலேசியாவில் எத்தனை பேர் தங்கள் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுக் களைத்திருப்பார்கள்!

இங்கே ஒரு பழங்கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கடலடிக் கம்பிவடத்துக்கும் ஜொகூருக்கும் உள்ள உறவு இணையத்தைவிட நூறாண்டுக்கு மேல் மூத்தது. செப்புக் கம்பியைக் கடலில் போட்டால் மின்சாரம் தண்ணீருக்குள் கசிந்துவிடும். மேலே உறை வேண்டும். ரப்பர் உப்புநீரில் நாளடைவில் கெட்டது. 1840களில் ஐரோப்பியர் கண்ணில் பட்டது நம் காட்டிலுள்ள தாபான் மரத்தின் பால். கெத்தா பெர்ச்சா என்று அதற்குப் பெயர். வெந்நீரில் இளகும், குளிர்ந்தால் இறுகும், கடல்நீரில் கெடாது, மின்சாரத்தைக் கடத்தாது. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பிக்கு அதுதான் உறை. ஜொகூர் ஆட்சியாளராகிய தெமெங்கோங் டாயேங் இப்ராகிம் இந்தப் பாலின் வணிகத்தைத் தம் கைக்குள் கொண்டுவந்து பெருஞ்செல்வம் சேர்த்தார். மரத்தைக் கீறிப் பால் எடுக்காமல் வெட்டிச் சாய்த்தே எடுத்ததால் காடுகளில் தாபான் மரம் அருகிப்போனது. 1870-71இல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடலடித் தந்தி இணைத்தது. நம் முன்னோர் கப்பலில் நாள்கணக்கில் கடந்த அதே வங்கக் கடலைச் செய்தி நிமிடங்களில் தாண்டிய காலம் அப்போதே தொடங்கிவிட்டது.

இப்போது அந்தத் தூரத்தை ஒளி எவ்வளவு நேரத்தில் கடக்கும்? கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. சென்னைக்கு 3,000 கி.மீ என்று வைத்தால் போக 15 மில்லி விநாடி, வர 15. பூமத்தியரேகைக்கு மேலே 35,786 கி.மீ உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போனால், கேள்வி மேலேறி இறங்கிப் பதில் மேலேறி இறங்க அரை விநாடிக்கு அருகில் ஆகும். காணொளி உரையாடலில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி விழிப்பது இத்தகைய தாமதத்தால்தான். 2023இல் மலேசியாவுக்கு வந்த ஸ்டார்லிங்க் சுமார் 550 கி.மீ உயரத்திலேயே பறக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோள்களைப் பயன்படுத்தி இந்தத் தாமதத்தைக் குறைக்கிறது. கம்பியே போக முடியாத ஊர்களுக்கு அது வரப்பிரசாதம். விலைதான் எல்லாருக்கும் எட்டாது.

"கூலாயில் இத்தனை தரவு மையம் கட்டுகிறார்களே, இனி நம் லைன் பறக்குமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். சிங்கப்பூர் 2019இல் புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்திவைத்த பிறகு செடேனாக், கூலாய், நுசாஜெயா பக்கம் அவை பெருகியது உண்மை. ஆனால் 30 கி.மீ அருகில் வந்தால் ஒளிக்கு மிச்சமாவது மில்லி விநாடியில் சிறு பங்கு. உங்கள் வீட்டு வேகத்தை நிர்ணயிப்பது தெருமுனையிலிருந்து வீடுவரை உள்ள கடைசித் தொலைவு. தரவு மையங்கள் குடிக்கும் தண்ணீரும் மின்சாரமும் தனிக் கட்டுரைக்குரிய செய்தி.

எல்லைக்கல் தெரியாத அலை

ஸ்துலாங்காரர் சொன்னதுதான் முழுக்கச் சரி. ஜொகூர் நீரிணை பாலத்தருகே ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் அகலம். இடையில் கட்டடம் இல்லை, மரம் இல்லை, திறந்த தண்ணீர்ப் பரப்பு. குடிநுழைவுச் சாவடி வானொலி அலைக்கு இல்லை. நம் பக்கத்துச் சிக்னல் ஒரு கணம் மங்கினால், தானாக வலையமைப்பைத் தேடும் கைப்பேசி எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரு நாடுகளும் எல்லை அலைவரிசைகளைப் பேசித்தான் பங்கிடுகின்றன. ஆனாலும் அலையை எல்லைக் கோட்டோடு கத்தரிக்க முடியாது. அவர் செய்ய வேண்டியது எளிது. கைப்பேசி அமைப்பில் வலையமைப்புத் தேர்வைக் கைமுறைக்கு மாற்றித் தம் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெளிநாட்டுத் தரவை அணைத்து வைக்க வேண்டும். தினமும் மோட்டார் சைக்கிளில் அக்கரைக்கு வேலைக்குப் போகும் அண்ணன்மார் இதை எப்போதோ கற்றுக்கொண்டார்கள்.

இனி கோபுரப் பயம். படிவம் ஐந்தில் குவாண்டம் பாடம் வரும்போது பிளாங்க் மாறிலியை அலைவெண்ணோடு பெருக்கக் கற்பீர்கள். 5ஜியின் 3.5 கிகாஹெர்ட்ஸுக்குப் பெருக்கிப் பாருங்கள்: ஒரு ஃபோட்டானின் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டின் ஒரு லட்சத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. உங்கள் மேசை விளக்கின் ஒளி ஃபோட்டான் ஏறக்குறைய 2 எலக்ட்ரான் வோல்ட். அதாவது கோபுர அலையைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல். மரபணுவின் பிணைப்பைக் குலைக்கப் புறஊதாக் கதிர், எக்ஸ் கதிர் போன்றவற்றின் ஆற்றல் வேண்டும். வானொலி அலைகள் அதிக அளவில் பட்டால் உடலைச் சூடாக்கும். அதற்குத்தான் பாதுகாப்பு வரம்புகள் வகுத்திருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011இல் வானொலி அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்' என்ற பிரிவில் வைத்தது உண்மைதான். உறுதியான ஆதாரம் இல்லை, ஆய்வைத் தொடரலாம் என்பதே அந்தப் பிரிவின் பொருள்.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் கவலைப்பட வேண்டிய கருவி தலைக்கு அருகில் இருக்கிறது. கோபுரம் தொலைவாக இருந்தால், அதை எட்டுவதற்காகக் கைப்பேசி தன் ஆற்றலைக் கூட்டி அலையை வீசும். கோபுரத்தைத் துரத்திவிட்டால் காதருகே கதிர் கூடும்! 2020இல் பிரிட்டனில் கொரோனாவை 5ஜி பரப்புகிறது என்ற வதந்தியை நம்பிக் கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள். முடக்கக் காலத்தில் மக்களின் பேச்சுக்கே அந்தக் கோபுரங்கள்தான் வழி.

விழுக்காட்டுக்கு வெளியே

"நாட்டில் 4ஜி கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இருக்கிறது" என்று செய்தியில் படிக்கிறோம். தோட்டத்துப் பையன் சிரிக்கிறான். இருவரும் பொய் சொல்லவில்லை. 2020 ஆகஸ்டில் அறிவித்த ஜென்டேலா திட்டம், 4ஜி வசதியை 91.8லிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்த இலக்கு வைத்தது. எதில் விழுக்காடு? மக்கள் வாழும் பகுதிகளில். நிலப்பரப்பில் என்று யாரும் சொல்லவில்லை. கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் செம்பனைக்கும் காட்டுக்கும் நடுவே கைப்பேசி ஊமையாவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மிச்சமுள்ள மூன்று விழுக்காட்டில் உங்கள் லயத்து வீடு அமைந்துவிட்டால், உங்களைப் பொறுத்தவரை அது நூற்றுக்கு நூறு இல்லாமைதான்.

அந்தப் பையனுக்கு இருக்கும் வழிகளில் ஆபத்தானதை முதலில் சொல்கிறேன். இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அங்கீகாரம் பெறாத சிக்னல் பெருக்கிகளை வாங்காதீர்கள். அவை இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கி, அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் சேவையைக் கெடுக்கும், சட்டப்படியும் குற்றம். சிம் அட்டை போடும் 4ஜி ரவுட்டருக்கு வெளி ஆண்டெனா இணைத்து, ஓலைகளுக்கு மேலே உயர்த்திக் கோபுரத்தின் திசைக்குத் திருப்புவது நல்ல பலன் தரும். அதுவும் போதாத இடத்தில் கோபுரம்தான் வர வேண்டும். கோபுரம் வர, அது இல்லை என்பதை எண்ணால் காட்ட வேண்டும்.

கைப்பேசித் திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். நான்கு கோடு என்பதற்கு எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. கோடு காட்டுவது சிக்னலின் பலத்தை மட்டுமே. கோபுரத்தை எத்தனை பேர் பங்கிடுகிறார்கள் என்பதைக் காட்டாது. கைப்பேசி அமைப்பில் சிம் நிலை என்ற பகுதிக்குள் போனால் டிபிஎம் என்ற அளவில் ஓர் எண் இருக்கும். அது எதிர்ம எண். கழித்தல் 85 நல்லது, கழித்தல் 115 மிக மோசம். பத்து எண் இறங்கினால் திறன் பத்தில் ஒரு பங்காகும். எனவே இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆயிரம் மடங்கு. எண் கழித்தல் 80 என்று நன்றாக இருந்தும் இரவில் மட்டும் காணொளி நின்றால், சிக்னல் போதும், கோபுரத்தில் நெரிசல். எண்ணே மோசம் என்றால் கோபுரம் தொலைவு, அல்லது இடையில் தடை. இரண்டுக்கும் தீர்வு வேறு.

ஒரு பயிற்சி நோட்டை எடுங்கள். தேதி, நேரம், இடம், கம்பியா வைஃபையா சிம்மா, இறக்க வேகம், ஏற்ற வேகம், டிபிஎம் என்று கட்டம் போடுங்கள். காலை ஆறு, மாலை நான்கு, இரவு ஒன்பது என ஒரு வாரத்துக்கு எழுதுங்கள். மழை பெய்த நாளுக்கு ஓரத்தில் குறி இடுங்கள். இருபத்தொரு வரி சேரும். தோட்டத்தில் ஐந்து வீட்டுப் பிள்ளைகள் இதைச் செய்தால் நூற்றைந்து வரி.

"லைன் சரியில்லை" என்று தொலைபேசியில் சொன்னால் "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்ற பதில்தான் கிடைக்கும். "கம்பி இணைப்பில் ஏழு இரவும் 20ஐத் தாண்டவில்லை, காலையில் 95 வருகிறது" என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் பேச்சை மாற்றியாக வேண்டும். முதலில் சேவை நிறுவனத்திடம் புகார் செய்து, புகார் எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். தீரவில்லை என்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு இயங்கலையிலேயே எழுதலாம். சேவைத் தரத்துக்கு அந்த ஆணையம் கட்டாய அளவுகோல்களை வகுத்திருக்கிறது. 2018இல் கம்பிவழி இணையத்தின் கட்டணம் வெகுவாக இறங்கியதும், வலையமைப்பு உரிமையாளர்கள் மற்ற நிறுவனங்களிடம் வாங்கும் மொத்த விலைக்கு அதே ஆணையம் வரம்பு கட்டியதால்தான். புகாரோடு நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து இணையுங்கள். வீட்டு முகவரியையும், தோட்டமாக இருந்தால் பிரிவின் பெயரையும், கைப்பேசி வரைபடத்தில் விரலை அழுத்தினால் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் எழுத மறக்காதீர்கள். பல தோட்ட வீடுகளுக்குத் தெருப் பெயர் இல்லை. ஆய்வுக்கு வரும் வண்டிக்கு அந்த இரண்டு எண்களே முகவரி.